கமலை ஓட்டிய சாட்சி

ராயப்பன் எழுதிய வாக்குமூலத்தில் ஓட்டை இருக்காது என்று சேலம் ஜில்லா போலீஸ் முழுக்கப் பேச்சு. கிரைம் சப்-இன்ஸ்பெக்டர். ஆள் ஒல்லி, குரலும் ஒல்லி, அடி உதைக்கெல்லாம் போகிறவர் இல்லை. சாட்சியை எதிரில் உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "சரி, நீ பார்த்தே. அந்நேரத்துக்கு அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்பார். சாட்சி முழிப்பான். ஏதோ வேலை இருந்திருக்கிறது, சொல்லத் தெரியாமல் முழிக்கிறான் என்று ராயப்பனே முடிவு கட்டிவிடுவார். என்ன வேலை இருந்திருக்கும் என்பதையும் அவரே யோசித்து எழுதிக்கொள்வார். அப்புறம் எதிர்க்கட்சி வக்கீல் தலைகீழாக நின்றாலும் அந்த இடத்தில் விரல் நுழையாது. பொய் எழுதுகிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கிழிந்த இடத்தைத் தைக்கிறோம், அவ்வளவுதான் என்றே நினைத்தார். நல்ல மனுஷன்தான், பாவம். கெட்டிக்காரத்தனம்தான் ஆளைக் கெடுத்தது.

1953 மார்ச் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலம். அரிசிபாளையத்துக் கோயிலில் பூசை முடிந்து மனைவி செல்வமேரியோடு வெளியே வந்தவரை ஒரு கான்ஸ்டபிள் வழிமறித்தார். நாமக்கல்லுக்குத் தெற்கே வேலங்காட்டுவலசு என்ற ஊரில், கிணற்றில் ஒரு பெண்பிள்ளையின் பிணம் மிதக்கிறதாம், கழுத்தில் கயிறு இறுகிய தடமாம். செத்தவள் பெயர் குஞ்சம்மாள். அந்த ஊரிலேயே பெரிய நிலக்காரரான சென்னிமலைப் பண்ணாடியின் தங்கை, புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு இருந்தவள்.

ராயப்பன் போய்ச் சேருவதற்குள் ஊரில் எல்லாம் முடிவாகியிருந்தது. குஞ்சம்மாளின் சோளக்காட்டில் பண்ணையாள் மாரியின் ஆடு இறங்கிவிட்டதென்று இரண்டு நாளைக்கு முன்னால் ஊரே கேட்கச் சண்டை. "அவனைத் தவிர வேற ஆருங்க?" என்றார் பண்ணாடி. சாட்சியையும் அவரே கையோடு கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த காட்டுக்காரன் செங்கோடன். விடிகாலையில் மாரி கிணற்றுப் பக்கமிருந்து ஓடியதைப் பார்த்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அந்நேரத்துக்கு அங்கே உனக்கு என்ன வேலை?"

செங்கோடன் முழித்தான். ராயப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். செங்கோடனுடைய கிணற்று மேட்டில் கமலை நின்றது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால், சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். காட்டுக்கு விடிகாலையில் தண்ணீர் கட்டாமல் வேறென்ன செய்வான் குடியானவன்? ராயப்பன் பேனாவைத் திறந்தார். 'மேற்படி தேதி காலை ஐந்தரை மணிக்கு நான் என் கிணற்றில் கமலை ஓட்டிக்கொண்டிருந்தேன்' என்று எழுதினார். வாசித்துக் காட்டினார்.

"ஆமாதானே?"

"ஆமாங்க" என்றான் செங்கோடன். கைநாட்டு வைத்தான்.

மாரி ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. ஸ்டேஷனில் மூலையில் குந்தியிருந்தான். அந்த வாக்குமூலத்தை அவனுக்குப் படித்துக் காட்டினார்கள். அதுவரை தலையைத் தொங்கப்போட்டிருந்தவன் 'கமலை ஓட்டிக்கொண்டிருந்தேன்' என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தான். முகம் மலர்ந்தே போயிற்று. பிழைத்தோம் என்று நினைத்தவன் முகம் அது.

"அன்னிக்கு அமாவாசைங்க, சாமி" என்றான்.

"அமாவாசைன்னா?"

"அமாவாசைங்க, சாமி."

அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. மழை பெய்தால் தரை நனையும் என்று ஒருத்தருக்கு எப்படி விளங்கவைப்பது? ராயப்பன் சூரமங்கலம் ரயில்வே லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுச் சுவரில் தொங்கியது பங்குக் கோயில் காலண்டர். அதில் எல்லாப் புனிதர்களின் திருநாளும் இருக்கும், அமாவாசைக்குக் கறுப்புப் புள்ளி இருக்காது. அமாவாசை என்றால் அவருக்கு இருட்டு, எலுமிச்சம்பழம், பேய் பிசாசு. ஆள் பேய் பிடித்ததாக நடித்துத் தப்பப் பார்க்கிறான் என்று டைரியில் குறித்துக்கொண்டார்.

சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் மாரிக்குச் சர்க்கார் வைத்துக்கொடுத்த வக்கீல் பட்டணத்துப் பிள்ளை, தொழிலுக்குப் புதிது. செங்கோடன் கூண்டில் ஏறிச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தபோது மாரி இரண்டு தரம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு அமாவாசைங்க, சாமி!" என்று கத்தினான். அதைக் கேட்ட வக்கீல், கட்சிக்காரனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று வாதாட ஆரம்பித்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்தார், புத்தி நேராகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். அடக் கடவுளே, அந்தக் கோர்ட்டில் அன்றைக்கு நேரான புத்தி இருந்ததே அவன் ஒருத்தனுக்குத்தான்! பண்ணாடிக்குப் பயந்து ஊரிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை. மாரியின் மனைவி செல்லாயி மட்டும் எட்டு வயசு மகள் பாவாயியை இழுத்துக்கொண்டு தினம் வந்தாள். உள்ளே வரப் பயந்து வெளியே வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். செங்கோடன் உள்ளே என்ன சொன்னான் என்பது அவள் காதுக்கு வரவே இல்லை.

மறு வருஷம் மாரியைத் தூக்கில் போட்டார்கள். ராயப்பனுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. செல்வமேரி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

இனி சினிமாவுக்கு வருவோம். 1957-ல் ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் இருந்த ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிம் பெட்டிகள் திருட்டுப் போயின. ராயப்பன் மூன்றே நாளில் பெட்டிகளை மீட்டுக் கொடுத்தார். பெட்டி திரும்பிவிட்டது, ராயப்பன் திரும்பவில்லை. ஓய்ந்த பொழுதெல்லாம் சைக்கிள் ஸ்டுடியோப் பக்கமே போயிற்று. விலங்கு எப்படி மாட்டுவது, சல்யூட் எப்படி அடிப்பது என்று நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். குறுக்கு விசாரணை செய்ய ஒரு வக்கீல்கூட இல்லாமல் கதை சொல்லலாம் என்றால் அவருக்கு அது சொர்க்கமில்லாமல் என்ன? மேக்கப் அறையில் உட்கார்ந்து பழைய கேஸ்களை எடுத்துவிடுவார். அதில் மாரி கேஸ்தான் எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்குவது. அவருடைய ஒல்லிக் குரல் மாரியின் குரலுக்கு அச்சாகப் பொருந்தும். கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்கி, "அன்னிக்கு அமாவாசைங்க, சாமி!" என்பார். அறையே சிரித்து உருளும்.

"சார், இது படம் சார்!" என்றார் டைரக்டர் ஞானதாஸ். "கொலைகாரன் ஒவ்வொரு கொலைக்கு முன்னாலும் இந்த வசனத்தைச் சொல்றான். தியேட்டர் அதிரும்."

ராயப்பன் உத்தியோகத்தை விட்டார். வீட்டு வாசலில் 'அந்தோணியார் பிக்சர்ஸ்' என்று போர்டு மாட்டினார். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற புனிதர் அல்லவா, துப்பறிகிறவனுக்கு அவரை விட்டால் யார் துணை? படத்துக்கு 'கிணற்றடி மர்மம்' என்று பெயர் வைத்தார். வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போயிற்று. செல்வமேரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி.

பத்திரிகையில் விளம்பரம் வந்த மூன்றாம் நாள், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெயிலில் வந்ததில் முகம் கறுத்திருந்தது. விரல்களில் நூல் அறுத்த தழும்புகள்.

"நான் செல்லாயிங்க. மாரி சம்சாரம்."

ராயப்பனுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வேப்பமரத்தடி என்றதும் தெரிந்தது. ஊரில் இருக்க முடியாமல் பள்ளிபாளையம் போய்த் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிப் பிழைக்கிறாளாம். பாவாயிக்குப் பதினாறு ஆகிறதாம்.

"புள்ளைக்கு எடம் பாக்கறனுங்க. மோகனூர்ப் பக்கம் ஒரு எடம் கூடி வருது. புள்ளையோட அப்பன் எப்படிச் செத்தாருன்னு கேட்டாங்க, நோவுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப நீங்க படம் எடுக்கறீங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குதாம். அந்தப் படம் வேண்டாமுங்க, சாமி."

"பேரெல்லாம் மாத்தியாச்சும்மா. உன் புருஷன் பேர் எங்கேயும் வராது."

"கெணறு இருக்குதுங்களா படத்துல?"

"இருக்கு."

"பண்ணாடி தங்கச்சி இருக்குதா?"

ராயப்பன் உள்ளே திரும்பிக் காப்பிக்குக் குரல் கொடுத்தார். செல்வமேரி காப்பி கொண்டுவந்து வைத்தாள். செல்லாயி அதைத் தொடவில்லை. "பேரு மட்டும் இல்லீனா ஊருக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். ராயப்பனுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. கொலை செய்தவன் ஒருத்தன், கெட்ட பேர் எனக்கா என்று செல்வமேரியிடம் முணுமுணுத்தார்.

1961 ஆவணியில் வெளிப்புறப் படப்பிடிப்பு. எல்லாம் தத்ரூபமாக இருக்கவேண்டும் என்று ராயப்பன் வேலங்காட்டுவலசுக்கே கேமராவைக் கொண்டுபோய்விட்டார். பண்ணாடி செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. செங்கோடன் இருந்தான், காது ஓரம் நரைத்திருந்தது. அவன் கிணறு, அவன் கமலை, அவன் மாடு. சாட்சி கமலை ஓட்டியபடியே கொலைகாரனைப் பார்க்கிற காட்சியை அவனை வைத்தே எடுத்துவிடலாம், முகம் தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்தால் போதும் என்று ஏற்பாடு.

காலையில் எல்லாரும் தயார். கேமரா தயார். கமலை மேட்டில் மாடு இல்லை. கட்டுத்தறியில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன இரண்டும். செங்கோடன் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றான்.

"என்ன செங்கோடா, மாட்டைப் பூட்டு! வெயில் ஏறுதில்ல?"

"இன்னிக்கு முடியாதுங்க. நாளைக்கு ஓட்டறேன்."

"ஏன், மாட்டுக்கு என்ன?"

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கு அமாவாசைங்க, சாமி. ஏரோ, கமலையோ, வண்டியோ, அமாவாசைக்கு மாட்டைப் பூட்ட மாட்டமுங்க. நாங்க மட்டுமில்லீங்க, இந்தச் சீமையிலயே ஆரும் பூட்ட மாட்டாங்க. மாசத்துல ஒரு நாளு அதுகளுக்கு ஓய்வு."

ஞானதாஸ் ஏதோ கத்தினார். அது ராயப்பன் காதில் விழவில்லை. செங்கோடன் சொன்ன குரல் வேறு, ஆனால் வார்த்தை அதே வார்த்தை. நாலு வருஷமாகத் தான் நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்கவைத்த வார்த்தை.

செங்கோடனைத் தனியே வேலி ஓரம் கூட்டிப்போனார்.

"அன்னிக்கு... குஞ்சம்மா செத்த அன்னிக்கு, நீ கமலை ஓட்டினியா?"

"நான் எங்கீங்க ஓட்டுனேன்? அன்னிக்கும் அமாவாசைங்களே. நீங்கதானுங்களே எழுதுனீங்க."

"ஆமாதானேன்னு கேட்டேனே! ஆமாங்கன்னியே!"

"போலீசு கேட்டா வேற என்னங்க சொல்றது?"

"மாரியைப் பார்த்தியா? அதையாவது சொல்லு. நீ அவனைப் பார்த்தியா, இல்லையா?"

செங்கோடன் வேலியைப் பார்த்தான். "பாத்தேன்னு சொல்லச் சொல்லிப் பண்ணாடி சொன்னாருங்க. நான் அன்னிக்கு ஊட்டுல படுத்திருந்தேன். நீங்க பெரிய கெட்டிக்காரரு, ஒரே பேச்சுல கண்டுபுடிச்சு, போடா பொய்யான்னு என்னைய முடுக்கி உட்ருவீங்கன்னு நெனச்சேன். நீங்க எழுதிக்கிட்டே போனீங்க." அப்புறம், "நானும் நல்லா தூங்கி எட்டு வருசமாச்சுங்க" என்றான். ராயப்பனுக்கு அவன் கழுத்தை நெரிக்கவேண்டும்போல இருந்தது. நெரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றது. மறுநாளும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு ராயப்பன் ஒரு பைத்தியக்கார வேலையைச் செய்தார். கடையில் போய்த் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று வாங்கிவந்து, புனிதர்கள் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். கறுப்புப் புள்ளி போட்ட நாள் வந்ததும் விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஓமலூர் ரோடு, அடுத்த மாதம் ராசிபுரம் ரோடு, அதற்கடுத்த மாதம் பனமரத்துப்பட்டி ஏரிக்கரை. காடு காடாகப் பார்ப்பார். எதற்கு? ஒரு ஜோடி. பூட்டிய மாடு ஒரே ஒரு ஜோடி கண்ணில் பட்டால் போதும். யாரோ ஒருத்தன் அமாவாசை பார்க்காமல் ஏர் ஓட்டுகிறான் என்றால், செங்கோடனும் ஓட்டியிருக்கலாம், இப்போது பயந்து மாற்றிப் பேசலாம், மாரி கத்தியது வெறும் கத்தலாக இருக்கலாம். ஓட்டை அடைக்கிற புத்தி எங்கே போகும்? இப்போது தனக்காக அடைக்கப் பார்த்தார்.

ஒரு ஜோடிகூட இல்லை. எல்லாக் கமலை மேட்டிலும் வடம் சுருட்டி வைத்திருந்தது. எல்லாத் தொழுவத்திலும் மாடுகள் படுத்திருந்தன. ஒருதரம் பனமரத்துப்பட்டிக்கு அப்பால், தூரத்தில் இரண்டு மாடு நடந்துபோவதைப் பார்த்து, வரப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடினார். கழுத்தில் நுகம் இல்லை. சும்மா தண்ணீர் காட்ட ஓட்டிப்போகிறார்கள். மாட்டுக்காரர், "ஏனுங்க, ஆரைத் தேடறீங்க?" என்று கேட்டார். ராயப்பன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லா மாடும் அன்றைக்கு அவருக்கு எதிர்ச்சாட்சி. மாரியின் அந்த மலர்ந்த முகம் கண்ணை மூடினாலும் வந்தது, திறந்தாலும் வந்தது. அழுதிருந்தால்கூட மறந்திருப்பாரோ என்னவோ, அவன் சந்தோஷப்பட்டானே! தன்னை நம்பி, அதிகாரிக்குப் புரிந்துவிடும் என்று நம்பிச் சந்தோஷப்பட்டானே!

ஐந்தாவது அமாவாசையன்று திரும்பி வந்தவரைச் செல்வமேரி உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். மறைக்காமல் சொன்னார். கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடப்போகிறேன் என்றார்.

"பண்ணுங்க. சாமியார் மன்னிப்பாரு, ஆண்டவரும் மன்னிப்பாரு. அதோட உங்க கணக்கு தீர்ந்துடும்" என்றாள் செல்வமேரி. "செல்லாயி மகளைக் கட்டிக்கிறவன் சாமியார்கிட்டயா வந்து கேட்கப்போறான்? அவன் சினிமாவைத்தான் பார்க்கப்போறான்." எழுந்து போய்ச் சுவரில் இருந்த பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றி, திருப்பி வைத்தாள்.

ராயப்பன் மேலிடத்துக்கு மனு எழுதினார். வழக்கு முடிந்துபோனது, மனு ஃபைலில் சேர்க்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பள்ளிபாளையத்துக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் தறிச் சத்தம் கேட்கிற சந்துமுனை வரைக்கும்தான் கால் போயிற்று. பெரிய பெரிய கேடிகளின் வீட்டுக் கதவைத் தட்டிய கைக்கு அந்தத் தட்டிக் கதவைத் தட்டத் தைரியமில்லை.

கடைசியில் படத்தில்தான் கையை வைத்தார். கொலைகாரன் காட்சிகளை வெட்டி எறிந்தார். கதையின் முதல் காட்சியாக, தேதி கிழிக்கிற காலண்டரில் கறுப்புப் புள்ளி போட்ட தாளைக் காட்டச் சொன்னார். பெண்கள் தலைமுழுகி, விரதம் இருந்து, காக்கைக்குச் சோறு வைப்பதைக் காட்டச் சொன்னார். அப்புறம் கோர்ட். அதில் சாட்சி சொல்வதை மட்டும் பழைய வாக்குமூலத்திலிருந்து எழுத்து மாறாமல் எடுத்தார்.

"சார், ஒரு சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஜனம் தூங்கிடும்!" என்று ஞானதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "அதோட இந்த அமாவாசை விஷயத்தை யாராவது வாய்விட்டு விளக்கணும். எனக்கே நீங்க சொல்லித்தானே தெரிஞ்சுது?"

"விளக்கக்கூடாது" என்றார் ராயப்பன். "அவனும் விளக்கலை."

1962-ல் சேலத்துத் தியேட்டரில் படம் வந்தது. கைதி கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னபோது சபை கொல்லென்று சிரித்தது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ராயப்பனுக்கு மேக்கப் அறைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை படத்தை எடுத்துவிட்டார்கள். விநியோகஸ்தர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, பிரதியை டூரிங் டாக்கீஸ்காரர்களுக்குத் தள்ளிவிட்டார்.

அப்படித்தான் மோகனூர் ரோட்டுக் கொட்டகைக்குப் படம் வந்தது. ராயப்பனும் பெட்டியோடு பஸ்ஸில் வந்தார். முதல் ஆட்டம். மணல் தரையில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். காட்டு வேலை முடித்துக் கால் கழுவி வந்த ஜனம். பெண்கள் பக்கத்தில், மூங்கில் தடுப்பை ஒட்டி, செல்லாயியும் பாவாயியும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ராயப்பன் தூண் மறைவில் ஒதுங்கினார். செல்லாயியும் பார்த்துவிட்டாள். தானாகவே தடுப்பு ஓரம் வந்தாள்.

"சம்பந்தம் பேசறவிய ஊரு இங்கிருந்து ரெண்டு மைலுங்க. எப்படியோ சங்கதி தெரிஞ்சுபோச்சு. படத்தைப் பாத்துட்டுச் சொல்றோம்னுட்டாங்க. அவிய பாக்கறதுக்கு முந்தி நான் பாத்துப்போடறேன்னு வந்தேன்." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

படம் ஓடியது. கறுப்புப் புள்ளி வந்தது. காக்கைக்குச் சோறு வைத்தார்கள். யாரும் தூங்கவில்லை. கோர்ட் வந்தது. சாட்சி கூண்டில் ஏறினான். ராயப்பன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேற்படி தேதி காலை ஐந்தரை மணிக்கு நான் என் கிணற்றில் கமலை ஓட்டிக்கொண்டிருந்தேன்" என்றான் சாட்சி.

ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் ஒருத்தர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "அடேய், அன்னிக்கு அமாவாசைடா!"

"அமாவாசைக்கு எவன்டா கமலை ஓட்டறவன்? பொய்யி!"

"பொய்ச் சாட்சி! ஏனுங்க ஜட்ஜய்யா, அன்னிக்கு அமாவாசைங்க!"

கொட்டகையே எழுந்துவிட்டது. நானூறு தொண்டை. பெண்கள் கையை நீட்டித் திரையைப் பார்த்துச் சபித்தார்கள். மணலை அள்ளித் திரையில் எறிந்தார்கள். கைதி கம்பியைப் பிடித்து வாயைத் திறந்தான். அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, அதைத்தான் ஊரே கத்திக்கொண்டிருந்ததே! செல்லாயி மட்டும் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். கோர்ட்டுக்கு உள்ளே என்ன நடந்தது என்பது ஒன்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் திரையில் எழுத்து வந்தது. ஐந்தாவது வரைக்கும் படித்திருந்த பாவாயி அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இந்தச் சாட்சியம் உண்மையில் ஒரு வழக்கில் சொல்லப்பட்டது. ஒரு நிரபராதி தூக்கில் இறந்தார். அவர் பெயர் மாரி. இந்தப் பொய்யை எழுதியவன் நான். ராயப்பன், முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர்."

ஜனம் கலைந்தபோது ராயப்பன் வாசலில் நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றார். செல்லாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு இத்தன பேரு சொன்னாங்க. அன்னிக்கு அவரு ஒருத்தரு சொன்னாரு" என்றாள். "ஒருத்தரு சொன்னா உங்க காதுல ஏறாதுங்களா, சாமி?"

ராயப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். செல்லாயி ஆறுதல் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? அவர் அழுது முடிகிற வரைக்கும் நின்றாள்.

"நாளைக்கும் இந்தப் படம் உண்டுங்களா?"

"உண்டும்மா."

"சம்பந்தக்காரங்களைக் கூட்டியாரேன். பையன், அவிய அப்பன் ஆத்தா, பங்காளிங்க எல்லாரையும் கூட்டியாரேன். ஆனா வர நேரமாகுமுங்க. கொஞ்சம் பொறுத்துப் படத்தைப் போடச் சொல்லோணும்."

"ரெண்டு மைல்தானே? வண்டி கட்டினா..."

செல்லாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கு அமாவாசைங்க, சாமி" என்றாள். "நடந்துதான் வரோணும்."

மறுநாள் மாலை, மணி அடித்தும் படம் ஆரம்பிக்கவில்லை. தரை டிக்கெட்காரர்கள் விசிலடித்தார்கள். கொட்டகைக்காரர் வந்து, "யாருக்குங்க காத்திருக்கோம்? மந்திரியா வர்றாரு?" என்று எகிறினார். ராயப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினார். பிறகு ரோட்டுக்கு வந்து நின்றார். இருபுறமும் காடுகளில் மாடுகள் படுத்திருந்தன. தெற்கே, புழுதியில், பத்துப் பன்னிரண்டு பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.